பதமும் பங்கும் மாற்றும்: கரைசற் செறிவை அளந்த வரலாறு

ஒரு நீர்மத்தில் கரைந்துள்ள பொருள் எவ்வளவு என அறிதல் வேதியியலின் முதற்பாடங்களுள் ஒன்று. அவ்வளவை இன்றைய பாடநூல்கள் 'செறிவு' என்னும் சொல்லாற் குறிக்கின்றன. ஆய்வுக்கூடத்துட் புகுந்து, கண்ணாடிக் குழாயைக் கையில் ஏந்திய பின்னரே மாணவன் இக்கருத்தை முதன்முதலாக எதிர்கொள்கிறான் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். அவ்வெண்ணம் முற்றும் பொருந்துவதன்று. அடுப்படியிலும் உப்பளத்திலும் மருந்துக் கூடத்திலும் பொற்கொல்லர் பட்டறையிலும் தமிழ் மக்கள் செறிவை நெடுங்காலமாக அளந்தே வந்துள்ளனர். அளந்த முறைகளுக்கு ஏற்ப வெவ்வேறு சொற்களையும் வழங்கி வந்துள்ளனர். பதம், பங்கு, மாற்று என்பன அச்சொற்கள். அவற்றின் வரலாற்றையும், இன்றைய வேதியியல் அளவை முறைகளோடு அவற்றுக்குள்ள உறவையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு ஒன்றை முன்னரே தெளிவுறுத்தல் வேண்டும். இன்று நாம் அறிந்தன அனைத்தையும் நம் முன்னோரும் அறிந்திருந்தனர் என நாட்டுவது இக்கட்டுரையின் கருத்தன்று. அணு எடையும் மூலக்கூற்று எடையும் 19-ஆம் நூற்றாண்டிலே தோன்றிய கருத்துகள். அவற்றைப் பழஞ்சொற்களில் ஏற்றிக் காண்பது வரலாறு ஆகாது. முறை ஒன்றாயிருத்தல் வேறு, கொள்கை ஒன்றாயிருத்தல் வேறு. இவ்வேறுபாட்டை மறவாது மேற்செல்வோம்.

1. பதம்

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்துள்ளது செண்பகத்தோப்பு. காட்டழகர் கோயிலுக்குச் செல்வோர் கடந்து செல்லும் இடம் இது. இதனைச் சூழ்ந்த காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களின் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது. 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. காட்டின் கீழெல்லை தொடங்கித் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்கள் வரை விரிந்த நிலத்தில் உழவோடு இணைந்த தொழிலாகக் கறவை மாடு வளர்ப்பு நிலவுகின்றது. அப்பாலிலிருந்து காய்ச்சப்படும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது.

பால்கோவாவிற்கு வேண்டுவன பாலும் சருக்கரையும் மட்டுமே. எனினும் அதனைக் காய்ச்சுவோர் திறமெல்லாம் ஒரு சொல்லில் அடங்கும், அது 'பதம்'. சமைத்த உணவு, தக்க சமயம், ஏற்ற நிலை எனப் பல பொருள் தரும் இச்சொல், காய்ச்சும் தொழிலில் ஒரு பொருள் நீர் வற்றித் தான் வேண்டிய நிலையை எய்தியமையைக் குறிக்கும். பாகு காய்ச்சுவோர் கம்பிப் பதம் என்பர்; சித்த மருத்துவர் எண்ணெய் காய்ச்சுங்கால் மெழுகு பதம், கடுகு பதம், மணற் பதம் என வேறு பிரித்துக் கூறுவர். இவை யாவும் கண்ணுக்கும் கைக்கும் புலனாகும் குறிகளே. எனினும் அக்குறிகள் வெறும் குறிகளல்ல. ஒவ்வொன்றும் ஒரு செறிவு நிலைக்கு உரியது.

இதனை எண்ணால் விளக்குவோம். பசுவின் பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீர். 10 கிலோ பாலில் நீர் 8.7 கிலோவும் ஏனைய திடப்பொருள் 1.3 கிலோவும் ஆகும். சருக்கரை 1.2 கிலோ சேர்த்தால் திடப்பொருள் 2.5 கிலோ. இறக்கும்பொழுது வாணலியில் உள்ளது 3.2 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதில் எஞ்சிய நீர் 0.7 கிலோ, அஃதாவது 22 விழுக்காடு. இன்னும் சற்றுப் பொறுத்து, 200 கிராம் நீர் மேலும் ஆவியானபின் இறக்கினால், எடை 3 கிலோவாகும். நீர் 17 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். காய்ச்சலின் தொடக்கத்தில் 200 கிராம் நீர் போனாலும் போகாவிடினும் பாலின் தோற்றத்தில் வேறுபாடு புலனாகாது. முடிவிலோ அதே 200 கிராம் பண்டத்தின் தன்மையையே மாற்றிவிடுகின்றது. கரண்டியில் ஒட்டும் இயல்பும், வாணலியின் ஓரத்தை விட்டுத் திரளும் இயல்பும் அந்த இறுதிக் கட்டத்திலேதான் விரைந்து மாறுகின்றன. ஆகவே, அளவை நுட்பமாக வேண்டப்படும் இடத்திலேயே குறியும் நுட்பமாகின்றது. பதம் என்னும் அளவை நிலைத்து நின்றமைக்கு இதுவே காரணம் எனலாம்.

பதத்தை எண்ணாக மாற்றிய கருவி மிதவைக் கருவியாகும். அதன் வரலாற்றைக் காண, பாற்பண்டத்தை விட்டு, அதே தென்பாண்டி நாட்டின் கடற்கரைக்குச் செல்லுதல் வேண்டும். உப்பு விளைவித்தலும், உமணர் அதனை வண்டிகளில் உள்நாட்டுக்குக் கொண்டு செல்லுதலும் சங்க நூல்கள் அறிந்த செய்திகள். இன்று தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீரோ நிலத்தடி உவர்நீரோ ஒரு பாத்தியிலிருந்து மற்றொரு பாத்திக்கு வெயிலிற் காய்ந்தவாறே செலுத்தப்பெறுகின்றது. எப்பொழுது அடுத்த பாத்திக்கு விடுவது என்பதை முடிவு செய்வது நீரின் 'டிகிரி'. அளத்தில் வழங்கும் இவ்வெண்கள் பிரெஞ்சு மருந்தியலாளர் அந்துவான் போமே 1768-இல் வகுத்த அளவுகோலைச் சார்ந்தவை.

நீரில் மிதக்கும் பொருளைக் கொண்டு நீரின் தன்மையை அறிதல் போமேக்கு மிக முந்தியது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா, ஊறவைத்தற்குரிய உப்புநீர் முதிர்ந்ததா என அறியப் பாற்கட்டித் துண்டு ஒன்றை அதில் இடுமாறு கூறுகின்றார். அமிழ்ந்தால் முதிரவில்லை, மிதந்தால் முதிர்ந்தது. 1121-இல் அல்-காசினி தம் துலைநூலில் அளவுக் கோடுகள் இட்ட மிதவைக் கருவியை விளக்கினார். 1675-இல் இராபர்ட் பாயில் கண்ணாடியாலான கருவியை அறிமுகப்படுத்தினார். போமே செய்தது வேறொன்று. தூய நீரில் கருவி அமிழும் இடத்தைச் சுழியம் எனவும், 85 பங்கு நீரில் 15 பங்கு உப்புக் கரைந்த நீரில் அது நிற்கும் இடத்தை 15 எனவும் கொண்டு, இடையே சமமாகப் பிரித்தார். தம் அளவுகோலின் நிலைப் புள்ளியாக அவர் உப்புக் கரைசலையே தெரிந்தெடுத்தமையின், உப்பளத்திற்கு அது இயல்பாகவே பொருந்திற்று.

கடல்நீர் இவ்வளவுகோலில் 3 முதல் 3.5 பாகை காட்டும். 13 பாகையைக் கடந்தபின் ஜிப்சம் படியத் தொடங்கும். 25 பாகையை எட்டும்பொழுது உப்புப் பூக்கும்; அப்பொழுது நீரின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.21. 29 அல்லது 30 பாகையை நெருங்கும்பொழுது எஞ்சிய கைப்பு நீரை வடித்துவிடுதல் வேண்டும். இன்றேல் மக்னீசிய உப்புகள் கலந்து உப்பு கைக்கும்.

ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. 25 பாகைக்குமேல் சமையல் உப்பு பாத்தியிற் படிந்துகொண்டே போகின்றது. ஆகவே நீரில் அதன் பங்கு குறைகின்றது. கருவி காட்டும் எண்ணோ ஏறிக்கொண்டே போகின்றது; ஏனெனில் மக்னீசிய உப்புகள் மிகுகின்றன. மிதவைக் கருவி அளப்பது நீர்மத்தின் அடர்த்தியையே. குறித்த ஒரு பொருளின் செறிவை அன்று. கலந்துள்ள பொருள் ஒன்றாயின் இரண்டும் ஒருங்கே செல்லும், பலவாயின் பிரிந்துவிடும். பதம் என்பது முழுமையின் குறி. பகுதியைப் பிரித்துக் காட்டுவதன்று.

2. பங்கு

இரண்டாவது முறை, குறியை நோக்காது அளவையே நோக்குவது. சித்த மருத்துவர் குடிநீர் காய்ச்சும் முறையில் 'நாலொன்றாய்', 'எட்டொன்றாய்' என்னும் வழக்குகள் உள்ளன. எட்டுப் பங்கு நீர் ஒரு பங்காகும்வரை காய்ச்சி இறக்குதல் எட்டொன்றாய்க் காய்ச்சுதலாகும். காணி, மா, வீசம், அரைக்கால், கால் எனப் பின்னங்களுக்கெல்லாம் தனிப்பெயர் வழங்கிய கணக்கு மரபில் இவ்வழக்கு இயல்பாகவே அமைந்தது.

இம்முறையின் சிறப்பு, இதற்குத் தேர்ந்த கண் வேண்டாமை. ஒரே பாத்திரமும் ஒரே அளவைப் படியும் இருப்பின் யாரும் எங்கும் இதனைச் செய்யலாம். இன்றைய ஆய்வுக்கூடத்தில் ஒரு கரைசலின் குறித்த பருமனை எடுத்து நீர் சேர்த்துப் பத்து மடங்கோ நூறு மடங்கோ நீர்க்கச் செய்யும் முறையும் இப்பங்கு முறையே. அங்கே நீரை ஏற்றுகின்றனர், இங்கே இறக்குகின்றனர்.

ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. நீர் எட்டில் ஒன்றாயிற்று என அறியலாமேயன்றி, வேரிலிருந்தோ பட்டையிலிருந்தோ நீரில் இறங்கிய சத்து எவ்வளவு என இதனால் அறிய இயலாது. வேர் இளையதோ முதிர்ந்ததோ, மழைக்காலத்தில் எடுத்ததோ கோடையில் எடுத்ததோ என்பவற்றிற்கேற்ப அது மாறும். எனவே பங்கு முறை செய்முறையை நிலைப்படுத்துகின்றதேயன்றி, உள்ளடக்கத்தை அளப்பதன்று. குறித்த பொருளின் அளவை அறிய மூன்றாவதொரு முறை வேண்டப்படுகின்றது.

3. மாற்று

அம்மூன்றாவது முறை பொன் வாணிகத்தில் வளர்ந்தது. பொன்னோடு வெள்ளியோ செம்போ உருகிக் கலந்த கலவை வேதியியல் நோக்கில் ஒரு திண்மக் கரைசலே. அதில் பொன்னின் பங்கு எவ்வளவு என்னும் வினா செறிவு பற்றிய வினாவே ஆகும். சிலப்பதிகாரம் மதுரை நகரின் பொன் வீதியைக் கூறுமிடத்துச் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன்னின் நால்வகையைச் சுட்டுகின்றது. வகையறிந்து விற்கும் வணிகர் இருந்தமை அதனாற் புலனாகும். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளில் பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது. அதன் தரம் 'தண்டவாணி' என்னும் தரநிலையோடு ஒப்பிட்டுக் கூறப்பட்டது. நிறைக்கு ஓர் அளவையும் தூய்மைக்கு மற்றோர் அளவையும் தனித்தனியே பதியப்பெற்றமை கருதத்தக்கது. எவ்வளவு பொருள் என்பதும் அதில் எவ்வளவு செறிவு என்பதும் வேறுவேறு வினாக்கள் என்னும் தெளிவு அதில் உள்ளது.

பொன்னின் தூய்மையைக் கூறும் வழக்குச் சொல் 'மாற்று'. பத்தரை மாற்று என்பது முழுத் தூய்மையைக் குறிக்கும். அதனைச் சமமாகப் பகுத்து எண்ணின், இன்றைய 22 காரட் பொன் ஒன்பதரை மாற்றுக்குச் சற்று மேற்பட்டதாகும். மாற்று அறியும் முறை உரைகல்லில் உரைத்துப் பார்த்தலாகும். ஐயத்திற்குரிய பொன்னின் கீற்றை, மாற்று அறியப்பெற்ற பொன்னின் கீற்றோடு அருகருகே வைத்து ஒப்பிடுவர். இதன் சாரம் ஒப்பீடு. தெரிந்த ஒன்றை முன்வைத்துத் தெரியாததை அறிதல்.

இனி ஐரோப்பிய வேதியியலில் இம்முறை புகுந்த வரலாற்றை நோக்குவோம். தெரிந்த செறிவுடைய கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து, வினை முடியும் தறுவாயில் எவ்வளவு செலவாயிற்று எனக் கண்டு, மற்றொரு கரைசலின் செறிவை அறியும் முறையை 'டைட்ரேஷன்' என வழங்குகின்றனர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனைத் 'தரம் பார்த்தல்' என்கின்றன. இலங்கை நூல்கள் 'நியமிப்பு' என்கின்றன. இதன் ஐரோப்பியப் பெயருக்கு அடியாகிய 'டீத்ர்' என்னும் பிரெஞ்சுச் சொல், பொன் வெள்ளி நாணயங்களின் தூய்மையைக் குறித்த சொல்லாகும். அஃதாவது, நம் 'மாற்று' என்பதே அச்சொல்லின் பொருள்.

இத்தொடர்பு பெயரளவினதன்று. பிரெஞ்சு வேதியியலாளர் கே-லூசாக் 1824-இல் வெளுப்புப் பொருளின் வலிமையை அறியும் முறையை வெளியிட்டார். 1832-இல் நாணயச் சாலைக்கென வெள்ளியின் தூய்மையை ஈர முறையில் அறியும் வழியை வெளிப்படுத்தினார். வெள்ளியை அமிலத்திற் கரைத்து, அளவறிந்த உப்புக் கரைசலை அதில் விட, வெள்ளி வெண்ணிற வீழ்படிவாகப் பிரியும். வீழ்படிவு தோன்றுதல் நின்ற கணத்தில், செலவான உப்புநீரின் அளவு வெள்ளியின் அளவைத் தந்துவிடும். உலோகத்தின் மாற்றுக் காண உப்பளத்துப் பொருளே துணைநின்றது. 1855-இல் செருமானியராகிய மோர் இம்முறைகளைத் தொகுத்து நூலாக்கிய பின்னர் இத்துறை கல்லூரிப் பாடமாயிற்று.

ஐரோப்பியர் தம் அளவை முறைக்குப் புதுச்சொல் தேடி அலையாது, பொற்கொல்லரும் நாணயச் சாலையாரும் வழங்கிய சொல்லையே எடுத்தாண்டனர் என்பதே இவ்வரலாற்றால் நாம் கொள்ள வேண்டிய செய்தி.

4. மூன்றும் ஒருங்கே வேண்டப்படும் இடம்

இவ்வாராய்ச்சி சொல்லளவில் நின்றுவிடுவதன்று. செண்பகத்தோப்பின் அடிவார ஊர்களிலிருந்து பால் கொணரும் உழவரின் வருவாய் இதனோடு பிணைந்துள்ளது. பாலின் விலை அதன் பருமனை மட்டும் பொறுத்ததன்று. கொழுப்பும் ஏனைய திடப்பொருளும் எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

லாக்டோமீட்டர் எனும் பால்மானி போமேயின் கருவியையொத்த மிதவைக் கருவியே. நல்ல பசும்பாலின் ஒப்படர்த்தி 1.028 முதல் 1.032 வரை, பால்மானி அதனை 28 முதல் 32 எனக் காட்டும். நீர் கலந்தால் எண் இறங்கும். ஆயின் கொழுப்பு நீரினும் இலேசானது. ஆடையை எடுத்துவிட்டால் எண் ஏறும். ஆகவே ஆடையை எடுத்து, ஏறிய எண்ணை நீர் கலந்து இறக்கினால், பால்மானி பழைய எண்ணையே காட்டும். உப்பளத்திற் கண்ட குறை ஈண்டும் தோன்றுகின்றது. பதம் முழுமையைக் காட்டுமேயன்றிப் பகுதியைக் காட்டாது.

கொழுப்பைத் தனியே அளக்கும் முறையைச் சுவிட்சர்லாந்து நாட்டினராகிய கெர்பர் 1891-இல் வகுத்தார். 10 மில்லி லிட்டர் கந்தக அமிலத்தோடு 10.75 மில்லி லிட்டர் பாலும் 1 மில்லி லிட்டர் அமைல் ஆல்ககாலும் சேர்த்துச் சுழற்ற, புரதம் கரைந்து கொழுப்பு மேலே தனித்து நிற்கும். குழாயின் கழுத்திலுள்ள கோடுகள் அதன் விழுக்காட்டைத் தரும். பால்மானியின் எண்ணையும் இக்கொழுப்பளவையும் இணைத்து மொத்தத் திடப்பொருளைக் கணிக்க ரிச்மண்ட் என்பார் வகுத்த வாய்பாடு உதவும்: பால்மானி எண்ணின் காற்பங்கு, கொழுப்பின் 1.2 மடங்கு, 0.14 ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை. எண் 30, கொழுப்பு 4 எனின் திடப்பொருள் 12.44 விழுக்காடு. ஆடை எடுத்து நீர் கலந்த பாலில் அதே எண் 30 நிற்க, கொழுப்பு 1.9 எனின் திடப்பொருள் 9.92 விழுக்காடே. 100 கிலோ பாலில் இரண்டரைக் கிலோ திடப்பொருள் குறைந்திருந்தும் பால்மானி அதனைக் கண்டுகொள்ளாது.

இதனினும் ஆழ்ந்த ஒன்றுண்டு. கெர்பர் முறைக்குரிய கந்தக அமிலம் ஏறத்தாழ 90 முதல் 91 விழுக்காடு செறிவுடையதாயிருத்தல் வேண்டும். செறிவு குறையின் புரதம் முற்றும் கரையாது கொழுப்போடு ஒட்டும். மிகின் கொழுப்புக் கருகும். இரு நிலையிலும் குழாயிற் படிக்கும் எண் ஐயத்திற்குரியதாகும். காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடைய இவ்வமிலம், மூடாது வைத்த கலத்தில் தானே நீர்த்துப்போகும். எனவே பாலை அளக்கும் முன் அமிலத்தை அளத்தல் வேண்டும். மிதவைக் கருவியால் அதன் அடர்த்தியைக் காணலாம். அளவறிந்த காரக் கரைசலால் தரம் பார்த்தும் அறியலாம். அமிலத்தையும் பாலையும் குறித்த பருமனில் எடுத்தல் பங்கு. மிதவையால் அறிதல் பதம். அறிந்த கரைசலோடு ஒப்பிடுதல் மாற்று. மூன்றும் ஒருங்கே வேண்டப்படும் இடம் இதுவாகும். இக்காலத்துப் பால் சேகரிப்பு நிலையங்களில் நொடியில் எண் காட்டும் மின்னணுக் கருவிகள் வந்துள்ளன. அவற்றையும் முன்னரே சோதித்தறிந்த பாலோடு ஒப்பிட்டுச் சரிசெய்தல் வேண்டும். கருவி புதியதாயினும் உரைகல்லின் முறை நீங்கவில்லை.

5. செறிவு என்னும் சொல்

தமிழில் வேதியியலை எழுதும் முயற்சி ஒன்றரை நூற்றாண்டுப் பழமையுடையது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிரீன் வழிவந்த 'கெமிஸ்தம்' 1875-இல் வெளிவந்தது. சேலத்தில் 1916-இல் இராசாசியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொல்லாக்கத்திற்கென ஒரு சங்கம் கண்டனர். 1954 முதல் 1968 வரை வெளியான தமிழ்க் கலைக்களஞ்சியம் அறிவியல் நடைக்கு ஒரு நிலையான வடிவம் தந்தது. இன்று தமிழகம், இலங்கை ஆகிய இரு நிலத்துப் பாடநூல்களும் 'செறிவு' என்னும் சொல்லை ஒருப்பட்டு ஆள்கின்றன.

அச்சொல்லின் முந்திய வாழ்வு வேறு. தொல்காப்பியம் அதனைத் தலைவியின் பண்புகளுள் ஒன்றாகக் கூறும். திருக்குறளில் அது அடக்கம் என்னும் பொருளில் வரும். தண்டியலங்காரம் செய்யுட் குணங்கள் பத்தனுள் முதலாவதாகச் செறிவைக் கூறும். சொற்கள் நெகிழ்ச்சியின்றி இறுகி நிற்றல் அதன் இலக்கணம். செய்யுளின் இறுக்கத்தைக் குறித்த சொல் கரைசலின் இறுக்கத்தைக் குறிக்க வந்தமை அழகிய பொருள் விரிவே. அதனை மாற்றவேண்டும் என்பது எம் கருத்தன்று.

ஆயினும் இச்சொல்லாக்கத்தில் ஓர் இழப்பும் உண்டு. 'செறிவு' ஏட்டிலிருந்து வந்தது. பதமும் மாற்றும் தொழிலிலிருந்து வந்தவை. ஏட்டுச்சொல் பாடநூலுட் புகுந்தபொழுது தொழிற்சொற்கள் வாயிலிலேயே நின்றுவிட்டன. அதனால் பால்கோவா காய்ச்சுவோர் மகளும் உப்பளத் தொழிலாளி மகனும் வகுப்பறையில் செறிவைத் தம் வீட்டிற்குத் தொடர்பில்லாத புதுப்பொருளாகவே கற்கின்றனர். உப்பளத்துத் தொழிலாளியோ தம் அளவையை 'டிகிரி' என்னும் அயற்சொல்லாற் கூறுகின்றார். இருவரும் கூறுவது ஒன்றே என்பதை இருவர்க்கும் உணர்த்துவார் இலர். பால்மானியின் எண் எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என அறியாத உழவர், தம் பாலுக்கு இட்ட மதிப்பு சரியா என வினவவும் இயலாதவராகின்றார்.

எனவே செறிவு என்னும் பொதுச்சொல்லின் கீழ் பதம், பங்கு, மாற்று ஆகிய மூன்றையும் அளவை வகைகளாக வைத்துக் கற்பித்தல் நலம் பயக்கும். அகராதி செய்வோர் இச்சொற்களுக்குப் பொதுப்பொருள் மட்டும் தந்து அமையாது, தொழிற்பொருளையும் விளக்கமாகத் தருதல் வேண்டும். பாகுக் கூடத்திலும் அளத்திலும் பட்டறையிலும் இன்னும் வழங்கும் பதப்பெயர்களை, ஒவ்வொன்றும் எச்செறிவு நிலைக்கு உரியது எனக் கருவியால் அளந்து தொகுப்பது, தமிழ்த் துறையும் வேதியியல் துறையும் கைகோத்துச் செய்யத்தக்க பணியாகும். அப்பெயர்களை அறிந்த முதியோர் உள்ளபொழுதே அது நிகழ்தல் வேண்டும்.